ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்

இந்த அறையில் ஃபேன் போடக்கூடாது. தும்மக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது, புடவைத் தலைப்பை உதறக்கூடாது, யாரும் கதவைத் தட்டாமல் திறக்கக்கூடாது. ஆடி மாதத்தில் திருச்சியில் ஜன்னல் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும். வெளியே காற்று வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே நான் கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறேன், சந்தோஷமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், இதை வெளியில் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் இங்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா பூங்கோதை, மண்ணைக் கழுவி மணலைத் துழாவறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டார். ஆமாம், அதற்குத்தான் கொடுக்கிறார்கள், முப்பத்தோரு வருஷமாகக் கொடுக்கிறார்கள், நானும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பதினோரு மணி டீ குடித்தாயிற்று. ஒரு மணிக்குக் கூட வேலை பார்க்கிற நூர்தீன் சார் டிபன் கேரியரோடு வருவார். நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம் என்னுடையது, ஒருத்தரும் பங்கு கேட்க முடியாது. பழைய ஸ்லைடுகளை எல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் முதுகு ஒரு படம், வயிறு ஒரு படம். முந்நூற்று ஆறு முடிந்தது. முந்நூற்று ஏழை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் துண்டை இன்னொரு தரம் நனைத்துக்கொள்ளலாம்.

முந்நூற்று ஏழு என்றால் என் ஸ்லைடு. எல்லாமே நான் பொறுக்கியவைதான், ஆனாலும் இது என்னுடையது என்று சொல்கிற மாதிரியான ஸ்லைடு. ஒரே ஒரு ஃபோரம். கடல் பிராணி, ஒரே செல், கசகசாவில் பாதி இருந்தால் பெரிசு. அந்த அளவில் இருந்துகொண்டு சுண்ணாம்பில் அறை அறையாகச் சுருள் ஓடு கட்டிக்கொண்டு வாழ்ந்துவிட்டுச் சேற்றில் இறங்கிவிட்டது, சேறு பாறையாகிவிட்டது, ஏழு கோடி வருஷம் கழித்து நான் வந்து பிரஷ் நுனியால் பொறுக்குகிறேன். ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு சாதி, அதுதான் விஷயம், அதற்குமேல் இந்தத் தொழிலில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அரியலூர் ஓடையில் வெயிலில் கிடக்கிற மஞ்சள் களியில் ஒரு சாதி இருக்கிறது, திருவாரூர்ப் பக்கம் எண்ணெய் தேடித் துளை போட்ட கிணற்றில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் சாம்பல் களியிலும் அதே சாதி இருக்கிறது என்றால், இரண்டும் ஒரே காலத்துக் கடலின் அடி. நடுவில் நூறு கிலோமீட்டர் இருந்தால் என்ன, ஒன்று மேலே வந்து இன்னொன்று கீழே போனால் என்ன. இரண்டுக்கும் நடுவில் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துவிடலாம். நான் இழுத்தேன். இந்த ஒரே ஒரு ஃபோரத்தை வைத்துக்கொண்டு இழுத்தேன். விளிம்பில் மணி கோத்த மாதிரி ஒரு கரை ஓடும் இதற்கு, புடவைக் கரை போல. பழைய சாதிகளுக்கு இரட்டைக் கரை, இது ஒற்றைக் கரை, பிந்தி வந்தது. அந்தக் கோட்டுக்கு ஆபீசில் பூங்கோதை மேடம் கோடு என்று பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், அப்புறம் ரிப்போர்ட்டிலேயே அப்படி எழுதினார்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்ல எனக்கு என்ன பைத்தியமா. அதற்குப் பிறகு டெல்டாவில் எந்தக் கிணறு தோண்டினாலும் அந்தக் கோட்டை வைத்துத்தான் ஆழம் குறித்தார்கள்.

கண்ணாடி மூடியை நகர்த்தியாயிற்று. இருக்கிறாள், அம்மணி, நடுக் கட்டத்தில், பிசின் மஞ்சளித்துப்போய் அதற்குள் தேனில் விழுந்த எறும்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். முதுகுப் பக்கம் படம் எடுத்தாயிற்று, அழகான படம். வயிற்றுப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் புரட்ட வேண்டும். ஒட்டின நாளிலிருந்து புரட்டவில்லை, எதற்குப் புரட்டுவது, ஒட்டிவிட்ட ஃபோரத்தை யாரும் புரட்டுவதில்லை, உடைந்துபோகும் என்ற பயம். பிரஷை நாக்கில் வைத்து நுனியைக் கூராக்கிக்கொண்டேன். இது கெட்ட பழக்கம், எல்லா ஃபோரம்காரர்களுக்கும் உண்டு. சின்னத் தட்டில் தண்ணீர் இருக்கும், ஆனால் நாக்கில் வைக்கிற கூர் தண்ணீரில் வராது. இதுவரை எத்தனை ஃபோரம் என் வயிற்றுக்குள் போயிருக்கும், ஏழு கோடி வருஷம் யாருக்கும் அகப்படாமல் இருந்துவிட்டு என் காபியில் கரைந்திருக்கும், பாவம். காபி என்றதும் நினைவு வருகிறது, பால்காரரிடம் நாளைக்குக் கால் லிட்டர் கூடச் சொல்ல வேண்டும், மகள் வருகிறாள். வரும்போதே, "அம்மா, கண்ணு எப்படி இருக்கு, ரெண்டாவது ஆபரேஷன் எப்போ" என்று ஆரம்பிப்பாள். ஆடி போகட்டும் என்று அவள் அப்பா பிடிவாதம். ஆடியில் கண்புரை எடுக்கக்கூடாதென்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதோ தெரியவில்லை. சொட்டுத் தண்ணீர் வைத்து மூன்று நிமிஷம் ஆயிற்று. பிசின் இளகுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, விளிம்பில் தொட்டு, மெதுவாக, புரண்டுவிட்டாள்.

நீலமாக இருக்கிறது.

இருக்காது. தண்ணீரின் பளபளப்பாக இருக்கும், காயட்டும். காய்ந்தது. நடுக்குழியில், அறைகளுக்கு நடுவே ஓடுகிற பள்ளங்களில், வெளிர் நீலம். நீலத்தில் என்ன இருக்கிறது, ஆகாயம் நீலம், நூர்தீன் சார் சட்டை நீலம். இல்லை, இந்த நீலம் எனக்குத் தெரியும், இந்த நீலத்தோடு முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஒரு பாறையைக் கழுவி முடித்ததும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்குவோம். எவ்வளவு தேய்த்தாலும் கம்பி வலையின் கண்ணில் இரண்டொரு ஃபோரம் சிக்கிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும். அடுத்த பாறையைக் கழுவும்போது அவை விழுந்து அதோடு கலந்துவிட்டால் குட்டிச்சுவர், எதன் வயசு எது என்றே தெரியாது. அதனால் சாயம். சிக்கினவை நீலமாகிவிடும், அடுத்ததில் நீலமாக ஒன்று தென்பட்டால் அது விருந்தாளி, வீட்டு ஆள் இல்லை, எடுத்து எறிந்துவிட்டு மேலே போக வேண்டியதுதான். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எத்தனையோ எறிந்திருக்கிறேன். இதை எறியவில்லை. இதை ஒட்டி, நம்பர் போட்டு, கோடு இழுத்து, என் பெயரையும் வைத்துக்கொண்டேன்.

பொறு. கண்ணாக இருக்கலாம். ஆமாம், கண்தான். பங்குனியில் வலது கண்ணில் புரை எடுத்ததிலிருந்து உலகம் கொஞ்சம் நீலமாகத்தான் தெரிகிறது. டாக்டரே சொன்னார், "இத்தனை நாள் மஞ்சக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு இருந்தீங்கம்மா, இப்பதான் சரியாத் தெரியுது, பயப்படாதீங்க." வீட்டுக்கு வந்த மறுநாளே துணி துவைக்கிற செல்வராணியிடம் வேட்டிக்குச் சொட்டு நீலத்தைக் கொட்டிவிட்டாய் என்று சண்டை போட்டேன், அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆகவே சோதித்துவிடலாம். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால், இன்னும் புரை இருக்கிற பழைய கண்ணால் பார்த்தால், சாம்பல். அப்பாடா. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால், நீலம். இடது, சாம்பல். வலது, நீலம். ஒரே முகத்தில் இரண்டு சாட்சி, ஆளுக்கு ஒன்று சொல்கின்றன. இடது கண் பாவம் பழைய ஆள், என் பக்கம் பேசுகிறது. சரி, அப்படியென்றால் அன்றைக்கு ஏன் தெரியவில்லை, அன்றைக்கு எனக்குப் புரையே கிடையாதே, முப்பத்துநாலு வயசு, கண் கழுகுக் கண். ஆனால் அன்றைக்கு மைக்ரோஸ்கோப்பில் குண்டு பல்பு. மஞ்சள் வெளிச்சம், கையைச் சுடும், அந்த வெளிச்சத்தில் வெளிர் நீலம் சாம்பலாகத்தான் தெரியும், பச்சைப் புடவையைக் கறுப்பென்று நினைத்து வாங்கி வந்த கதைதான். இந்த வெள்ளை விளக்கு போன வருஷம்தானே வந்தது.

ஆனால் அன்றைக்குச் சாயத்தில் முக்கினேனா? முக்காமல் இருந்திருந்தால் நீலத்துக்கு வழியே இல்லை, பிசினோ பூஞ்சையோ ஏதோ ஒன்று. முக்கினேன். முக்கினேன் என்பதற்கு ஆல்பமே இருக்கிறது. அன்று சனிக்கிழமை, மறுநாள் நாத்தனார் கல்யாணம், காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு பாறையைக் கழுவி அடுப்பில் காய வைத்துவிட்டு, கையைக்கூடச் சரியாகத் தேய்க்காமல் பஸ் ஏறினேன். கல்யாண போட்டோவில் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பத்து விரலும் நீலம். மாமியார், "மருதாணி வச்சுக்கன்னா மையைக் கொட்டிக்கிட்டு வந்திருக்கா" என்று சபையில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மதியம் கழுவினது கிணற்றுக் களி, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. காலையில் கழுவினது என்ன? அலமாரியில் அந்த வருஷத்து நோட்டு இருக்கிறது, எழுந்தால் எடுத்துவிடலாம். எழ மனசில்லை. எழுந்தேன். சனிக்கிழமை, காலை: அரியலூர் ஓடை, மஞ்சள் களி. என் கையெழுத்துதான். அதாவது ஓடையில் கிடந்த ஒற்றைக் கரைக்காரி சல்லடையில் தொற்றிக்கொண்டு கிணற்றுக்குள் வந்துவிட்டாள், நான் அவளைக் கிணற்றில் பிறந்தவள் என்று எழுதிவிட்டேன். அரியலூரும் கிணறும் அச்சாகப் பொருந்துகிறது என்று மேஜையைத் தட்டிச் சொன்னேனே, பொருந்தாமல் என்ன செய்யும், அரியலூரை அரியலூரோடேயே பொருத்திப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாது, பறந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பில் வந்ததுதான், முதலில்.

நூர்தீன் சார் அன்றைக்கே சொன்னார். அவர் பார்ப்பது நானோஃபாசில், ஃபோரத்தைவிட நூறு மடங்கு சின்னது, ஏதோ பாசியின் மேல் இருந்த சுண்ணாம்புச் சில்லு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால்தான் கண்ணுக்கே தெரியும். கிணற்றுக் களி அரியலூர்க் களியைவிடப் பழசு, இருபது லட்சம் வருஷமாவது பழசு என்றார். எல்லாப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்த கூட்டம். "மேடம், எனக்கு எறநூறு கெடைச்சிருக்கு, உங்களுக்கு ஒண்ணுதான்" என்று மெதுவாக, அதிராம்பட்டினத்துப் பேச்சு மாறாமல் சொன்னார். சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை அப்போது அவருக்கு. நான் சொன்னேன், நான்தான் சொன்னேன், "உங்க தூசியைப் பாத்து நான் பாறைக்கு வயசு சொல்லணுமா சார்?" கூட்டமே சிரித்தது. அவருடைய பத்தியை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் தூசி சார். ப்யூன்கூட முதுகுக்குப் பின்னால் தூசி சார் என்றுதான் சொல்வான். மறுநாள் ஒரு மணிக்குக் கதவைத் தட்டி, நான் ஃபோரம் தட்டை மூடும்வரை வெளியே காத்திருந்து, உள்ளே வந்து, கேரியரைத் திறந்து, தேங்காய்ச்சோற்றில் பாதியை என் தட்டில் வைத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பேசவில்லை. நான் அதை மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு வசதியாக இருந்தது. தேங்காய்ச்சோறு நன்றாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது, மனுஷ நாக்குக்கு வெட்கமே கிடையாது.

மணி பன்னிரண்டே முக்கால். படத்தை எடுத்துவிட்டு ஒட்டிவிடலாம். படத்தில் நீலம் தெரியுமே. படத்தையே கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம், பாதிப் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. சே. பிரஷ் நுனியில் அவளை எடுத்தேன், ஸ்லைடில் நடுக் கட்டத்தில் வைப்பதற்குத்தான் எடுத்தேன், பிரஷ் உலர்ந்திருந்தது, கை தன்பாட்டுக்கு உயர்ந்து உதட்டுப் பக்கம் வந்துவிட்டது, நாக்கு நுனி வெளியே வந்துவிட்டது. நடுவில் அரை விரற்கடைதான். அப்படியே நின்றேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம்தான், வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை, ஆனால் நின்ற பிறகு உடனே கையை இறக்கவும் இல்லை. விழுங்கிவிட்டால் முடிந்தது. ஃபோரம்காரர்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டைத் தொலைப்பது சகஜம், ரிஜிஸ்டரில் தொலைந்தது என்று ஒரு வரி, கையெழுத்து, கோடு கோடாகவே இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. கோடு போவதற்கு இல்லை, கை இறங்காமல் நிற்கிறதே அதற்கு. எவ்வளவு நேரம் நின்றதோ, வேப்பங்கிளை ஜன்னலில் அடித்தது, கையை இறக்கி அவளைக் கட்டத்தில் விட்டேன். இதில் ஓர் ஆச்சரியம், இறக்கின உடனே உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த ஒற்றை ஃபோரத்தை இத்தனை வருஷம் தலையில் வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தது நான்தான் போலிருக்கிறது. ஆனாலும் என் கண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது, ஒன்று நீலம் என்கிறது, ஒன்று சாம்பல் என்கிறது. மூன்றாவது கண் வேண்டும். கட்டடத்தில் அந்த மாதிரிக் கண் ஒருத்தருக்குத்தான் உண்டு. அவர் ஒரு மணிக்கு வருவார்.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, அப்புறம் காத்திருத்தல்.

"வாங்க சார்."

ஒருக்களித்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "என்ன மேடம், இன்னும் முடியலையா? இன்னிக்கு வாளமீன் ஆனம், ஆறிடும்." அவர்கள் ஊரில் குழம்புக்கு ஆனம் என்று பெயர்.

"ஆறட்டும். இங்க உக்காருங்க. எதுவும் கேக்காதீங்க. இது என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க."

ஸ்லைடின் லேபிளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். அவர் பார்க்க ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

"நீலம். வெளிர் நீலம், நடுக்குழியில நல்லாப் புடிச்சிருக்கு. சல்லடையில வந்தது மேடம் இது. இந்த சாம்பிள் இல்ல. தூக்கிப் போட்டுடுங்க, இதுக்குப் போயி சோத்த ஆறவிடணுமா?"

கட்டைவிரலை எடுத்தேன்.

அவர் லேபிளைப் படித்தார். மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார், மறுபடி லேபிளைப் படித்தார். கண்ணாடியைக் கீழே இறக்கினார், சட்டை நுனியால் துடைத்தார், போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி சார்," என்றேன். "நான் சொன்னது தப்பு. அன்னிக்கு அத்தனை பேர் முன்னால தூசின்னு சொன்னேனே, அது அதைவிடத் தப்பு. கோட்டை இன்னிக்கே அழிச்சு எழுதிடறேன், என் பேர் போட்டே எழுதறேன். ஆனா தூசின்னு சொன்னதை அழிக்க எனக்குத் தெரியல. மன்னிச்சுக்கோங்க."

அவருக்கோ வேறு எதையோ கணக்குப் போடுகிற முகம்.

"பதினோரு கெணறு மேடம்," என்றார்.

"என்னது?"

"அதுக்கப்புறம் பதினோரு கெணத்துல உங்க கோடு போற எடம் வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் எனக்குப் பழசுன்னுதான் வந்துச்சு. நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சு, உங்க கோட்டுக்குத் தக்கன எண்ணிக்கையைத் திருத்தித் திருத்திக் குடுத்தேன். பதினொண்ணையும்."

எனக்கு உட்கார ஸ்டூல் இல்லை, அதில் அவர் இருந்தார். என் ஒரு தப்பை இந்த மனுஷன் பதினோரு தரம் தன் கையால் எழுதியிருக்கிறார்.

"நெசமா எண்ணினது?" என்று கேட்டேன். "அது போயிடுச்சா?"

"போவல. பாத்ததைப் பாக்கலைன்னு எழுத மனசு வரலை. என் நோட்டுல ஓரத்துல பென்சிலால குறிச்சு வச்சிருக்கேன். யாருக்கும் காட்டினதில்ல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, ஏதோ பெரிய சலுகை கேட்பவர் போல, "எடுத்துட்டு வரவா மேடம்?" என்றார்.

தலையை ஆட்டினேன். எழுந்து போனார். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் நடையாக ஆரம்பித்து ஓட்டமாக மாறியது, வயசு ஐம்பதைத் தாண்டி வருஷம் நாலாகிறது அவருக்கு. திரும்பி வந்தபோது மார்போடு அணைத்து ஏழெட்டு நோட்டுகள், மூச்சு வாங்கியது, சிரிப்பை அடக்கத் தெரியாமல் முகம் என்னவோ செய்தது. முதல் நோட்டைப் பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பென்சில் எழுத்து மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. நான் புதுத் தாளில் கோடு போட்டு, மேலே அவர் பெயரை எழுதினேன்.

"மொதக் கெணறு," என்றார். "ஆயிரத்து முந்நூத்து எம்பது மீட்டர். பழசு நூத்தித் தொண்ணூத்தி ஏழு."

"மெதுவாச் சொல்லுங்க சார்," என்றேன். "ஒண்ணும் அவசரம் இல்ல."